காதில் விழாத மீன்

ஸ்பானிய மொழியில் மீனுக்கு இரண்டு பெயர் உண்டு. நீரில் நீந்தும்வரை அது ‘பெஸ்’. வலையில் சிக்கிச் சந்தைக்கு வந்துவிட்டால் ‘பெஸ்காடோ’. உயிருள்ளதற்கு ஒரு சொல், உணவாகிவிட்டதற்கு வேறொரு சொல். பூமியைப் பிடிக்க வரும் மீன்மனிதர்களுக்கு ‘பெஸ்கட்டான்’ என்று பெயர் வைத்த விக்டர் பெம்பர்ட்டன் இதை எண்ணினாரோ இல்லையோ, அவருடைய படையெடுப்பாளர்கள் அந்த இரண்டாம் சொல்லுக்குத்தான் பொருந்துகிறார்கள். அவர்களுடைய கோளில் கடல் வற்றிக்கொண்டிருக்கிறது. உப்புநீர் தேடி நம் கடலுக்கு வருகிறார்கள். நம்மூர்க் கடற்கரைக்காரர் எவரும் இந்தக் கதைச்சுருக்கத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: வற்றிய கடலில் கிடக்கும் மீனுக்குக் கருவாடு என்றல்லவா பெயர்?

சிரிப்பு வரட்டும், தவறில்லை. சிரித்த பிறகும் அச்சம் எஞ்சுகிறதா என்பதே கேள்வி. எஞ்சவில்லை என்பது என் முடிவு. ஏன் எஞ்சவில்லை என்பதை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குறை மீனில் இல்லை.

‘டாக்டர் ஹூ அண்ட் தி பெஸ்கட்டான்ஸ்’ 1976-ல் ஆர்கோ நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு. இரு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரம். டாக்டராக டாம் பேக்கர், சாரா ஜேன் ஸ்மித்தாக எலிசபெத் ஸ்லேடன், மீன்களின் தலைவன் ஸோராக பில் மிட்செல் என நடிகர்கள் மூவரே. 1963 முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடந்துவந்த தொடரின் நாயகனை வைத்து, கேட்பதற்கென்றே புதிதாக எழுதி வெளியான முதல் கதை இது. ‘முதல்’ என்பதற்காகச் சலுகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொடருக்கு வேண்டுமானால் இது முதலாக இருக்கலாம். ஒலிவழி அறிவியல் புனைவு அன்றைக்கே நரை கண்ட கலை. ஆர்சன் வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு ஒலிபரப்பானது 1938-ல். சார்லஸ் சில்ட்டனின் ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ பிரிட்டிஷ் வீடுகளைக் கட்டிப்போட்டது 1953-ல். பெம்பர்ட்டனே 1966-ல் ‘தி ஸ்லைடு’ என்ற வானொலித் தொடரை எழுதி, பூமிப் பிளவிலிருந்து வெளிப்படும் சேற்றைப் பகையாக்கிக் காட்டியவர். தொழில் தெரியாத கை என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை.

சமையற்கட்டிலிருந்து அரக்கனைக் கிளப்பும் மரபுக்கும் வயது கொஞ்சம் அல்ல. அமெரிக்க வானொலியின் ‘லைட்ஸ் அவுட்’ நிகழ்ச்சிக்காக ஆர்ச் ஓபோலர் 1937-ல் எழுதிய ‘சிக்கன் ஹார்ட்’ நாடகத்தில் உலகை விழுங்குவது ஒரு கோழியின் இதயம். ஆய்வகத்தில் தொடங்கும் வளர்ச்சி நிற்பதில்லை. கட்டடம், நகரம், நாடு என்று மூடிக்கொண்டே போகிறது. எழுதிக் காட்டினால் எவரும் நகைப்பார்கள். கேட்டவர்கள் நகைக்கவில்லை. காரணம் எளிது. ஓபோலர் அந்த இதயத்தின் உருவத்தை நம்பி நாடகத்தைக் கட்டவில்லை. துடிப்பை நம்பிக் கட்டினார். துடிப்பு ஒரு ஒலி. கேட்பவருடைய நெஞ்சிலும் அதே ஒலி உண்டு. மூல ஒலிபரப்பின் பதிவு இன்று இல்லை. 1962-ல் ‘டிராப் டெட்!’ என்ற இசைத்தட்டுக்காக ஓபோலர் அதைச் சுருக்கி மறுபடி செய்தார். அந்தச் சுருக்கத்திலும் துடிப்பு தன் வேலையைச் செய்கிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். அபத்தமான உயிர் ஒலிநாடகத்தில் நிற்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு ஒலி வேண்டும். அந்த ஒலி கதையின் காரண காரியத்தில் ஒரு கண்ணியாக இருக்க வேண்டும். உருவம் எவ்வளவு கேலிக்குரியதோ அவ்வளவுக்கு ஒலி நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். தொல்காப்பியம் நகையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலைக்களன் சொல்கிறது. இரண்டையும் ஒரே களத்தில் விளைவிக்க முயல்கிறவர் இருமடங்கு கவனத்தோடு உழ வேண்டியிருக்கிறது. பெஸ்கட்டான்கள் வந்து இறங்கியது உழாத நிலத்தில்.

முதற்குறை, முதன்மைக் குறை: கதைசொல்லல். டாக்டரே கதையைத் தன்மையில் சொல்கிறார். தான் போனதைத் தானே சொல்கிறார், கண்டதைச் சொல்கிறார், அஞ்சியதையும் சொல்கிறார். மூன்று நடிகர்களை வைத்துக்கொண்டு லண்டன் மாநகரின் பீதியைக் காட்ட வேண்டிய நெருக்கடிக்கு இது ஒரு சிக்கனமான தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்கனம் செலவாகிவிட்ட இடம் கவனிக்கத்தக்கது. நெருக்கடியான கட்டங்களில் நமக்குக் கிடைப்பது நிகழ்ச்சி அல்ல, நிகழ்ச்சியைப் பற்றிய அறிக்கை. மீனின் பற்களைப் பற்றி, கண்களைப் பற்றி, அதன் பருமனைப் பற்றி விவரணை வருகிறது. கண் இல்லாத ஊடகத்தில் கண்ணுக்குரிய செய்திகளை அடுக்கினால், கேட்பவர் தன் மனத்தில் கட்டிக்கொள்ளக்கூடிய அரக்கனை நாடகமே இடித்துவிடுகிறது. நம் பாட்டிமார்கள் பேயின் கொலுசொலியைச் சொல்வார்கள், முகத்தைச் சொல்லமாட்டார்கள். அந்தக் கைப்பக்குவம் இங்கே இல்லை.

இந்த முறையின் இன்னொரு விலை எலிசபெத் ஸ்லேடன். தொலைக்காட்சியில் அவர் கட்டியெழுப்பிய சாரா ஜேன் கேள்வி கேட்கும் பத்திரிகையாளர். டாக்டரின் கணக்கை இடைமறித்துப் பேசும் துணிச்சல்காரி. கதைசொல்லியின் இடத்தை டாக்டர் எடுத்துக்கொண்ட உடனேயே சாராவுக்கு மிஞ்சுவது உடனிருப்பது மட்டும். கதையைச் சாராவின் வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பூமிப்பெண்ணின் குரலில் அந்த மீன் நமக்கு அயலாக இருந்திருக்கும். டாக்டரோ ஸோரை முன்பே அறிந்தவர். அறிந்தவர் அறிமுகப்படுத்தும் அரக்கன் பாதி அரக்கன்தான்.

இனி, இந்தப் படைப்பை அதன் ஆசிரியரைக் கொண்டே அளக்கலாம். அதைவிட நேர்மையான அளவு இல்லை.

பெம்பர்ட்டன் 1968-ல் இதே தொடருக்காக எழுதிய ஆறு பகுதிக் கதை ‘ஃப்யூரி ஃப்ரம் தி டீப்’. அங்கே பகை கடற்பாசி. உலகின் பல கரைகளில் சூப்பில் போட்டுக் குடிக்கிற பொருள். வடகடலின் எரிவாயுக் குழாய்களுக்குள் அது நுழைகிறது; குழாய்க்குள்ளிருந்து இதயத் துடிப்பு போன்ற ஓசை கேட்கிறது. ஓபோலரின் கோழி இதயம் நினைவுக்கு வருகிறதல்லவா? யார் யாரிடம் பெற்றார் என்ற வழக்குக்குள் போக வேண்டியதில்லை. பாசியைக் காட்டாமல் துடிப்பைக் கேட்கவிட்டது முறையான தேர்வு. பாசி அழிவதும் ஒலியால்தான். டாக்டருடன் பயணிக்கும் விக்டோரியாவின் அலறலைப் பதிவு செய்து, பெருக்கி, பகைமேல் ஏவுகிறார்கள். அந்தப் பெண் அதற்கு முந்தைய கதைகளிலும் அலறிக்கொண்டே இருந்தவள். இனி அஞ்சி வாழ முடியாது என்று முடிவெடுத்துக் கதையின் முடிவில் விலகிப்போகிறவள். ஆக, ஆயுதம் பாத்திரத்தின் இயல்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அலறல் பகையை வெல்கிறது, அலறிய பெண்ணையும் தொடரிலிருந்து வெளியேற்றுகிறது. ஒரு ஒலி இரண்டு வேலை செய்கிறது. கட்டமைப்பு என்பது இதுதான்.

இப்போது 1976-க்கு வாருங்கள். தொடக்கம் கடற்கரை, அங்கும் அப்படித்தான். பகை கடலிலிருந்து எழுகிறது, அங்கும் அப்படித்தான். டாக்டர் ஒரு சிறு குழலை எடுத்து ஊதுகிறார். 1968-ன் டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டன் குழல் ஊதுபவர், பேக்கருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பகை வீழ்வது உயர்ந்த சுருதியுள்ள ஒலியால், அங்கும் அப்படித்தான். எழுத்தாளர் தன் சரக்கையே மறுபடி எடுத்தாளுவதைக் குற்றமாக நான் எண்ணவில்லை. நல்ல சமையற்காரர் நேற்றைய குழம்பை இன்று சுண்டவைத்துக் கூடுதல் ருசி காட்டுவார். இங்கே சுண்டவைக்கவில்லை, தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கரை, கடல், குழல், ஒலி எல்லாம் வந்துவிட்டன. அவற்றைக் கோத்திருந்த நூல் வரவில்லை. ஒலி இங்கே யாருடைய இயல்பிலிருந்தும் பிறக்கவில்லை. அது ஒரு தீர்வாக வந்து சேர்கிறது, வேலையை முடிக்கிறது, போய்விடுகிறது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. ‘ஃப்யூரி ஃப்ரம் தி டீப்’ கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றுகூட பி.பி.சி.யின் காப்பகத்தில் முழுமையாக இல்லை, படச்சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. முழுமையாக எஞ்சியிருப்பது, அன்று வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து ரசிகர்கள் நாடாவில் பிடித்துவைத்த ஒலி. காண்பதற்காகச் செய்த கதை காட்சியை இழந்து, காதுக்கு மட்டும் வந்து சேர்ந்தும் மிரட்டுகிறது. காதுக்கென்றே செய்த கதை முழு உடலோடு இருந்தும் மிரட்டவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுவிட்டால் என் வாதத்துக்கு வேறு சான்று வேண்டியிருக்காது.

ஒரு கட்டத்தைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். மீனின் கவனத்தைத் திருப்ப டாக்டர் பாடி ஆடுகிறார். அதுவும் ‘ஹலோ, டாலி!’ என்ற பிராட்வே நாடகப் பாட்டு. இந்தக் கட்டத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் ஏராளம். நான் அவர்களோடு முழுக்கச் சேரமாட்டேன். அபத்தத்துக்கு அபத்தத்தால் பதில் சொல்வது சரியான உள்ளுணர்வு. மீனுக்கு முன்னால் ஒருவன் பாட வேண்டியிருக்கும் உலகம் சிரிப்புக்கும் அச்சத்துக்கும் பொதுவான உலகம். நாடகம் தேடிக்கொண்டிருந்த களம் அதுவே. மேலும், ஒலியால் வீழப்போகிற பகைமுன் டாக்டர் ஒலியையே முதலில் நீட்டுகிறார். அந்தப் பாட்டின் எந்தச் சுரத்தில் மீன் தயங்கியது, எதில் சீறியது என்று ஒரு சோதனையாக அதை வளர்த்திருந்தால் இறுதி வெற்றி பாட்டின் வயிற்றில் பிறந்திருக்கும். வளர்க்கவில்லை. பாட்டு ஒரு கோமாளித்தனமாகத் தொடங்கிக் கோமாளித்தனமாகவே முடிகிறது. கையில் அகப்பட்ட மீனை ஆசிரியரே நழுவவிட்ட இடம் இது. முக்கால் மணி நேரத்தில் மிகப் பெரிய இழப்பு.

ஸோர் பற்றி நிறையச் சொல்ல ஏதுமில்லை. பில் மிட்செல் விளம்பரக் குரலுக்குப் பேர்போனவர். கரகரப்பும் ஆழமும் கொண்ட தொண்டை. மிரட்டல் வசனங்களை அவர் வாங்கிய காசுக்குக் குறையாமல் பேசுகிறார். ஆனால் அவை எந்த வேற்றுக்கோள் சர்வாதிகாரிக்கும் பொருந்தும் வசனங்கள். பேசுவது மீன் என்பதற்கான அடையாளம் சொற்களில் இல்லை. நீருக்குள் வாழ்ந்த ஒருவனுக்குக் காற்று எப்படி இருக்கும்? அவன் சினத்துக்கு உவமை எங்கிருந்து வரும்? அலையிலிருந்தா, ஆழத்திலிருந்தா, தூண்டிலிலிருந்தா? நெய்தல் நிலத்து எழுத்தாளர் ஒருவரிடம் இந்தப் பாத்திரத்தைக் கொடுத்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே உப்புக் கரித்திருக்கும்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி: இது குழந்தைகளுக்கான இசைத்தட்டு. இந்த மறுமொழி குழந்தைகளுக்கும் நியாயம் செய்யவில்லை, வரலாற்றுக்கும் செய்யவில்லை. அதே 1976-ன் தொடக்கத்தில் அதே குழந்தைகள், அதே பேக்கரையும் ஸ்லேடனையும் ‘தி சீட்ஸ் ஆஃப் டூம்’ கதையில் பார்த்தார்கள். அங்கே பகை ஒரு செடி. விதையிலிருந்து முளைத்து மனிதனைத் தொற்றி, மாளிகையளவு வளரும் கிரைனாய்டு. கறிகாய்க் கூடையில் இருக்க வேண்டிய ஒன்று, ராபர்ட் பேங்க்ஸ் ஸ்டூவர்ட்டின் எழுத்தில் உறைய வைக்கிறது. அங்கே எழுத்தாளர் ஒரு விதியைக் கறாராகப் பிடித்திருக்கிறார்: இதுவரை நாம் செடியைத் தின்றோம், இனி செடியின் முறை. ஒரே ஒரு தலைகீழாக்கம். அதிலிருந்து எல்லாக் காட்சிகளும் ஒழுங்காகக் கிளைக்கின்றன. மீனுக்கும் இதே தலைகீழாக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மனிதன் கடலில் வலைவீசும் உயிர்; இனி கடல் நிலத்தில் வலைவீசும். பெம்பர்ட்டன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1978 மார்ச் மாதம், பி.பி.சி. ரேடியோ 4-ல் இன்னொரு மீன் வந்தது. டக்ளஸ் ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ தொடரில் வரும் பேபல் மீன். சிறியது, மஞ்சள் நிறம், காதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், சுற்றியுள்ளவர்களின் மூளை அலைகளைத் தின்று, கேட்பவருக்குப் புரியும் மொழியை மூளைக்குள் கழிக்கும். பெஸ்கட்டான்களைவிட நூறு மடங்கு அபத்தம். ஆனால் அந்த அபத்தத்துக்கு இரையுண்டு, செரிமானமுண்டு, கழிவுண்டு, விளைவுமுண்டு. அண்டமெங்கும் எல்லோரும் ஒரே மொழி பேசுவதுபோல் கேட்கிறதே என்ற நெடுநாள் சிக்கலை அது ஒரே விழுங்கில் தீர்க்கிறது. கூடவே கடவுள் இருப்பு பற்றிய ஒரு விவாதத்தையும் கவிழ்த்துவிட்டுப் போகிறது. கதைசொல்லி அங்கும் உண்டு. பீட்டர் ஜோன்ஸின் குரலில் பேசும் வழிகாட்டி நூல். அந்தக் குரல் நடப்பதை விவரிப்பதில்லை. நடப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறது, விலகிப்போகிறது, திரும்பிவருகிறது. நடப்பதைக் கேட்கும் பொறுப்பை நம் காதுக்கே விட்டுவிடுகிறது. ஒரு மீன் காதில் புகுந்தது. ஒரு மீன் காதிலேயே விழவில்லை. இரண்டுக்கும் இடையில் ஓடிய காலம் இரண்டே ஆண்டு.

ஆடம்ஸோடு ஒப்பிடுவது கொடுமை என்று சிலர் சொல்லக்கூடும். அவர் நகையை மட்டும் வேண்டினார், பெம்பர்ட்டன் அச்சத்தை வேண்டினார் என்பது அவர்கள் வாதமாக இருக்கும். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் 1968-ஐயும் கிரைனாய்டையும் முன்னால் வைத்தேன். நகையை வேண்டினாலும் அச்சத்தை வேண்டினாலும் அபத்தமான உயிருக்கு ஒழுங்கான உள்விதி வேண்டும் என்பதில் மூன்றும் ஒருகுரலில் பேசுகின்றன.

நிறை இல்லாமல் இல்லை. டாம் பேக்கரின் குரல் அவற்றுள் தலையானது. அந்தக் குரலுக்குள் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. தட்டையான வாக்கியமும் அதனுள் போய் எதிரொலித்து வெளிவருகிறது. கதைசொல்லலைக் குறை சொன்ன நானே, சொல்பவர் வேறொருவராக இருந்திருந்தால் முதற்பக்கத்தோடு தட்டை எடுத்து உறையில் போட்டிருப்பேன். தொடக்கக் கடற்கரைக் காட்சிக்கும் ஒரு சொல். நீர், இருட்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று என்று நாடகம் அங்கே சற்று நேரம் காதை நம்புகிறது. மீன் இன்னும் மீனாகத் தெரியாத நிமிடங்கள் அவை. தமிழில் ‘மீன்’ என்ற சொல் கடலில் நீந்துவதற்கும் வானில் ஒளிர்வதற்கும் பொது. விண்ணிலிருந்து வரும் மீன் என்ற கற்பனைக்குத் தேவைப்பட்டது அந்த இரட்டை மயக்கம். கடற்கரைக் காட்சியில் அது கொஞ்சம் இருக்கிறது. பல்லும் கண்ணும் வருணிக்கப்பட்ட பிறகு இல்லை.

1991-ல் பெம்பர்ட்டனே இதை டார்கெட் வரிசையில் நாவலாக விரித்து எழுதினார். ஒலி சிறிதும் இல்லாத வடிவத்துக்குப் போயும் கதைக்குப் பெரிய இழப்பு நேரவில்லை என்பதே இசைத்தட்டின் மீதான கடுமையான விமர்சனம்.

ஆகவே என் தீர்ப்பு. ஓர் ஆவணமாக ‘பெஸ்கட்டான்ஸ்’ காக்கத்தக்கது. நாடகமாக அது தோல்வி. அதைக் கேட்கத்தான் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கடற்கரைக் காட்சியைக் கேட்கலாம், ‘ஹலோ, டாலி!’ கட்டத்தை ஒருமுறை கேட்கலாம். மீதி நேரத்தை 1968-ன் அந்த ரசிகர் நாடாக்களுக்குக் கொடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.